பனி தங்காத கல்

அந்த வருஷத்து முதல் பெரும்பனி கொட்டி ஓய்ந்த காலையில், பனிவாரியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த டோகாஷி, இரண்டு எட்டு வைத்ததுமே நின்றுவிட்டார். கூரை, வேலி, அந்தப் பக்கத்து உருளைக்கிழங்கு வயல், தெருவில் நின்ற தபால் பெட்டி என்று எல்லாம் ஒரே வெள்ளை. வீட்டுக் கதவிலிருந்து தெருக் கேட்டு வரைக்கும் அவரே தம் கையால் பாவிய கல் நடையும் முழங்கால் அளவுப் பனிக்கு அடியில் போயிருந்தது. ஆனால் நடையின் நடுவில் ஒரே ஒரு கல் மட்டும் கறுப்பாக, ஈரமாக, இப்போதுதான் யாரோ துணி வைத்துத் துடைத்துவிட்டு எழுந்து போனது போலக் கிடந்தது. அதைச் சுற்றிப் பனி வட்டமாகக் கரைந்து, உறை இறக்கின கிணறு மாதிரி நேர்சுவராக நின்றது.

அது எந்தக் கல் என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பாவினவருக்குத் தெரியாதா?

மற்றக் கற்களின் மேல் கிடந்த பனியையெல்லாம் வாரித் தள்ளினார். அந்தக் கல்லை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். மிதிக்கக் கால் வரவில்லை.

உள்ளே வந்து சூப்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் மனைவி மிசாவோ கேட்டாள். படுத்திருந்த இடத்திலிருந்தே அவளுக்கு ஜன்னல் வழியாக வாசல் முழுக்கத் தெரியும்.

"என்னங்க, நம்ம கல்லுல ஒண்ணுக்கு மட்டும் வேர்க்குது, பாத்தீங்களா?"

"கல்லுக்கு எங்கேம்மா வேர்க்கும்? கீழே ஏதாவது வெந்நீர்க் குழாய் போகுதோ என்னமோ."

"நீங்கதானே தோண்டினீங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடங்கும் வரைக்கும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, மூக்கில் செருகியிருந்த ஆக்சிஜன் குழாய் நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் தன் பாட்டுக்குப் புஸ், புஸ் என்றது. அவர் பொய் சொல்லியிருந்தார். நாற்பது வருஷத்தில் அவளிடம் சொன்ன பொய்களை எண்ணிவிடலாம். அதனால்தான் இது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

மிசாவோவின் நுரையீரலில் இருந்தது கல் தூசி. டோகாஷி வெளியூர்களில் கல் பாவப் போன குளிர்காலங்களில், கதவை இறுக்கச் சாத்திய கொட்டகைக்குள் உட்கார்ந்து அவருக்காகக் கல் அறுத்தவள் அவள். கதவைத் திறந்தால் விரல் விறைத்துவிடும், சாத்தினால் தூசி. அவள் சாத்திக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கடா மாதிரி இருந்தார். அவள்தான் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு குறைந்து, மாடிப்படி ஏற முடியாமல் போய், பிறகு நடக்க முடியாமல் போய், கடைசியில் ஒரு அறைக்குள் ஒரு குழாயின் நீளத்துக்குள் அடங்கிப்போனாள். "வாசல் வரைக்குமாவது போய்ட்டு வரணும்ங்க. தெருவைப் பார்த்தாப் போதும்" என்று அவள் ஒரே ஒரு ஆசைதான் சொன்னாள். அதற்காகத்தான் அசாஹிகாவா நகரத்துக்கு வடக்கே மாடி இல்லாத இந்தப் பழைய வீட்டைத் தேடிப் பிடித்தார். அதற்காகத்தான் சக்கர நாற்காலி ஓட இந்த நடை. ஒரு மேடு கூடாது, ஒரு சந்தில் சக்கரம் சிக்கக் கூடாது.

வேலையில் குறை வைக்கிற ஆள் இல்லை அவர். அந்த ஊர்க் குளிரில் மண்ணுக்குள் இருக்கிற ஈரம் உறைந்து, ஊதி, மேலே கிடக்கிற கல்லைத் தூக்கிவிடும். அதனால் தொடையளவுக்குக் கருமண்ணை வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் நிற்காத சரளையைக் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, மணல் விரித்து, நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு கல்லையும் வைப்பார். சரளை உறையாது. சரளை ஊதாது. அவர் பாவின கல் எந்தக் குளிரிலும் எழுந்ததில்லை.

தோண்டும்போதுதான் அது தட்டுப்பட்டது. புதருக்குள் ஒளிந்திருந்த சாம்பல் நிறக் குழாய் ஒன்று, நடையின் நட்ட நடுவில், கைத்தடி உயரத்துக்கு நின்றது. குட்டி மண் தோண்டும் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த, அவரோடு வேலை பார்க்கும் நிஷிகோரி உடனே எஞ்சினை நிறுத்தினான்.

"அண்ணே, கையை எடுங்க. இது கிணத்து மூச்சு."

"தெரியும்ப்பா. நான் எத்தனை வச்சிருக்கேன், என்கிட்டயே சொல்றியா?"

அந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்த விஷயம்தான். பழைய கிணற்றை மண் போட்டு மூடினால், அடியிலிருந்து மேல் வரைக்கும் ஒரு குழாயை நிறுத்தி வாயைத் திறந்து விடுவார்கள். கிணற்றில் இருப்பது மூச்சு விட வேண்டும். இருப்பது என்ன என்று யாரும் கேட்பதில்லை. உப்பும் அரிசி மதுவும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, குழாயை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வீடு இடியும், ஆள் மாறும், குழாய் மட்டும் புதரில் நிற்கும்.

"தெரிஞ்சுமா ரம்பத்தை எடுக்குறீங்க?"

"நடுவுல நட்டமா நிக்குதே. அவ வண்டி எப்படிப் போகும்?"

"பாதையை வளைங்க."

"பாதி பாவியாச்சு. அங்க பாரு." வேலியோரம் வெள்ளைப் பஞ்சு ஒட்டின பனிப்பூச்சிகள் மிதந்துகொண்டிருந்தன. அவை பறந்தால் ஒரு வாரத்துக்குள் பனி வரும். நடை முடியாமல் பனி வந்துவிட்டால் மிசாவோ வசந்தம் வரைக்கும் அறைக்குள்தான். வசந்தம் வரைக்கும் இருப்பாளா என்று டாக்டர் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாததுதான் பதில்.

"அட, மேல வைக்கிற கல்லுலயாவது ஒரு ஓட்டை போடுங்கண்ணே."

"வசந்தத்துல போட்டுக்கலாம்."

நிஷிகோரி குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தான். சூடு பட்டவன் மாதிரி வெடுக்கென்று எடுத்தான். "இழுக்குதுண்ணே."

"மழை வர்றப்ப ஊதும், வெயில்ல இழுக்கும். காத்தழுத்தம். நீ என்ன குழந்தையா?"

நிஷிகோரி வண்டியிலிருந்து தன் மதியச் சாப்பாட்டு உப்பையும் கொஞ்சம் மதுவையும் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, கை தட்டிக் கும்பிட்டு, அண்ணன் செய்வதற்குத் தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ரம்பச் சத்தம் ஓயும் வரைக்கும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். டோகாஷி தரைக்குக் கீழே அடங்கும்படி அறுத்து, மூடி போட்டு, பசை தடவி அடைத்தார். மேலே கல்லை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினார். மற்றக் கற்கள் தட்டினால் கெட்டியாகச் சத்தம் போட்டன. அது மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சத்தம் போட்டது.

அதெல்லாம் முடிந்த கதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார், அந்தக் காலை வரைக்கும்.

வெயில் வந்த ஒரு மதியம் மிசாவோவைப் போர்வைக்குள் சுற்றி, சின்னச் சிலிண்டரை மடியில் வைத்து, வண்டியில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவள் தெருவைப் பார்த்தாள். பனி வாரும் வண்டியைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகளுக்குக் கை ஆட்டினாள். திரும்பி வரும்போது அந்தக் கல்லின் மேல் வந்ததும், "இங்க நிறுத்துங்க" என்றாள்.

"குளிரும்மா. உள்ள போயிடலாம்."

"கொஞ்ச நேரம். இங்க மூச்சு தாராளமா வருது." கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய மார்பு ஏறி இறங்குவதை டோகாஷி பார்த்தார். எத்தனையோ வருஷமாக அப்படி ஏறினதில்லை. கன்னத்தில் சிவப்புக்கூட வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் கீழே பார்த்தார். அவள் மூச்சை உள்ளே இழுக்கும்போது கல்லின் நான்கு சந்துகளிலிருந்தும் வெள்ளை ஆவி எழுந்தது. அவள் மூச்சை விடும்போது ஆவி நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடி எழுந்தது.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். ஆனால் வண்டியைத் தள்ளவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

அதற்கப்புறம் தினமும் அதே கேள்விதான். "இன்னிக்கு என் கல்லுக்குப் போலாமா?" என் கல் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அவரும் தினமும் பனியை வாரினார், ஒவ்வொரு கல்லும் தெரிகிற மாதிரி சுத்தமாக வாரினார்.

நிஷிகோரி ஒருநாள் முட்டைக்கோஸும் ஹெர்ரிங் மீனும் போட்ட ஊறுகாய்ச் சட்டியோடு வந்தான். உள்ளே வராமல் நடையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். கல்லைச் சுற்றிப் பனிச்சுவரில், மஞ்சள் படிந்த உறைபனி இதழ் இதழாகப் பூத்திருந்தது.

"கரடி குளிர்காலத்துக்குப் படுத்த குழி வாயில இப்படித்தான் பூக்கும். வேட்டைக்குப் போற எங்க மாமா இதைப் பாத்துத்தான் கண்டுபிடிப்பாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உள்ள ஒண்ணு உசிரோட கெடக்குன்னு அர்த்தம். அண்ணே, இன்னிக்கே தூக்கிருவோம். கடுங்குளிர் இறங்கிட்டா இந்தக் கல்லை அப்பறம் ஆனை வந்தாலும் அசைக்க முடியாது."

"அவளுக்கு இங்கதான்டா மூச்சு நல்லா வருது."

"யார் குடுக்குற மூச்சுண்ணே அது?"

"போடா. நீயும் உன் கிணத்துச் சாமியும்." ஊறுகாய்ச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தம் பயத்தை அவன் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அத்தனை கோபம்.

அந்த வாரமே கடுங்குளிர் இறங்கியது. மரங்கள் இரவில் பட்டென்று வெடித்தன. ஒரு காலையில் டோகாஷி வெளியே வந்து பார்த்தபோது நடை முழுக்க மெல்லிய புதுப்பனி படிந்திருந்தது. முழுக்க. அந்தக் கல்லின் மேலும்.

முதலில் அப்பாடா என்றிருந்தது. தொல்லை விட்டது. குனிந்து பனியைத் துடைத்துக் கல்லைத் தொட்டார். சில்லிட்டது. எல்லாக் கல்லையும் போல ஒரு கல். எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பினார்.

அந்தக் கல்லுக்கும் தெருக் கேட்டுக்கும் இடையில் நடை தண்ணீர் மாதிரி மட்டமாக இருந்தது. அந்தக் கல்லுக்கும் வீட்டுக்கும் இடையில் கற்கள் எழுந்திருந்தன. நடுவரிசை மட்டும். ஒன்றையொன்று சாய்த்துக்கொண்டு, எலி மண்ணைத் தூக்கிக்கொண்டு போன தடம் மாதிரி, வீட்டைப் பார்த்து.

"சரளை ஊதாது," என்று வாய்விட்டே சொன்னார். ரசமட்டத்தை எடுத்து வந்து வைத்தார். குமிழ் ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த காலை இன்னொரு கல் எழுந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. அன்று ராத்திரி படுக்கையில் புரண்டுகொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. பனி மூடியிருந்தால் அது போர்வை, மண் அவ்வளவாக உறையாது. அவர் தினமும் போர்வையை வாரி எறிந்திருந்தார். நடையின் கீழே குளிர் ஆழமாக, கெட்டியாக இறங்கி, இருந்த சின்னச் சின்னச் சந்துகளையும் அடைத்துவிட்டது. குழாயை ஒரு தடவை அடைத்தார். அப்புறம் தினமும் அடைத்தார். அடியில் இருப்பது மூச்சுக்கு இடம் தேடி, உறையாத மண் எங்கே என்று தடவிக்கொண்டு வருகிறது. உறையாத மண் ஒரே இடத்தில்தான் இருந்தது. ராத்திரி பகல் ஹீட்டர் எரிகிற வீட்டுக்கு அடியில்.

மிசாவோவின் கட்டிலுக்கு அடியில்.

எழுந்து உட்கார்ந்தார். இருட்டில் மெஷின் புஸ், புஸ் என்றது. மிசாவோவின் மூச்சு அதற்கு இடையில் கேட்டது. அப்புறம் இன்னொன்று. பலகைத் தரைக்குக் கீழே, ஈரமான, நீளமான இழுப்பு. கிண்ணத்தின் அடியில் ஒட்டின கடைசிச் சொட்டுக் கஞ்சியை உறிஞ்சுகிற சத்தம்.

"என்னங்க," என்றாள் அவள் இருட்டிலேயே. அவளும் தூங்கவில்லை. "நான் விடுற மூச்சை யாரோ கீழயிருந்து இழுக்குறாங்க. விட்டது திரும்ப வரமாட்டேங்குது."

விளக்கைப் போட்டு ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை அவள் விரலில் மாட்டிப் பார்த்தார். எண் நன்றாகத்தான் இருந்தது. மெஷினும் ஒழுங்கு. ஆனால் அவள் உதடு நீலம் பாரித்து, கண்கள் அகன்று, கரையில் போட்ட மீனாகக் கிடந்தாள்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். பனிப்புயல். சாலை மூடியிருக்கிறது, திறந்ததும் வருகிறோம், எண் நன்றாக இருக்கிறதே என்றார்கள். நிஷிகோரிக்குக் கூப்பிட்டார்.

"கண்ணுக்கு முன்னாடி கை தெரியலண்ணே. வண்டியை எடுத்தா நான் உங்க வீட்டுக்கு வரமாட்டேன், வயலுக்குள்ள போய்ச் செத்துக் கெடப்பேன்." பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "குழாயைத் திறங்க. அதோட வாயை அதுக்குக் குடுத்துடுங்க. அதுக்கு வேற வாய் கெடைக்கறதுக்கு முன்னாடி." லைன் போய்விட்டது.

வெளிக்கதவைத் தள்ளினார். கை நுழையும் அளவுக்குத் திறந்து, டக்கென்று நின்றது. குனிந்து பார்த்தார். வாசற்படிக்கு முன்னால் இருந்த கடைசிக் கல் எழுந்து நின்று கதவைத் தடுத்துக்கொண்டிருந்தது. தோளால் முட்டினார், உதைத்தார். அவர் வைத்த கல்லாயிற்றே, இம்மியும் அசையவில்லை. வெளியே திறக்கிற கதவு. அவர்களை உள்ளே வைத்துச் சாத்தியாகிவிட்டது.

மிச்சமிருந்தது மிசாவோவின் அறை ஜன்னல்தான். வீட்டில் இருந்த போர்வையெல்லாம் எடுத்து அவளுக்கு மேல் போட்டார். நெஞ்சுக்குக் கற்பூரத் தைலம் தடவினார். கல் பாவ நூல் பிடிக்கிற சிவப்புக் கட்டுநூலை எடுத்து ஒரு முனையை அவள் மணிக்கட்டிலும், மறுமுனையைத் தம் இடுப்பிலும் கட்டினார். இந்த ஊரில் வாசலுக்கும் கழிப்பறைக்கும் இடையில் புயலில் வழி தவறிச் செத்தவர்கள் உண்டு.

"நான் ஒரு தடவை இழுத்தா எப்படி இருக்கேன்னு கேக்குறேன்னு அர்த்தம். நல்லா இருந்தா நீ ரெண்டு தடவை இழு. சரியா?"

"எங்க போறீங்க?"

அப்போதுதான் சொன்னார். குழாயை, ரம்பத்தை, வசந்தத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்ட ஓட்டையை. அவள் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தானே. ஆனா என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க. பயமா இருக்கு."

"பத்தடி தூரம்மா. இதோ வந்துடுறேன்."

ஜன்னலைத் திறந்து, கடப்பாரையையும் கருவிப் பையையும் வெளியே போட்டுவிட்டுக் குதித்து, நூல் போகிற இடைவெளி மட்டும் விட்டுச் சாத்தினார்.

வெளியே மேலும் இல்லை, கீழும் இல்லை. வெள்ளை மட்டும். காற்று கன்னத்தை உப்புத்தாள் மாதிரித் தேய்த்தது. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் விளக்கு மங்கலான மஞ்சள் சதுரமாக நின்றது. எழுந்திருந்த கற்களைக் காலால் தடவித் தடவியே போனார். மட்டம் வந்ததும் மண்டியிட்டார். இதுதான்.

நூலை ஒரு தடவை இழுத்தார்.

இரண்டு இழுப்பு வந்தது. நல்லா இருக்கிறாள்.

கேஸ் பர்னரைச் சந்துகளில் காட்டினார். உருகியது கண் முன்னாலேயே மறுபடி உறைந்தது. மறுபடி காட்டினார். கடப்பாரையை நுழைத்து மிதித்தார். வழுக்கியது. மிதித்தார். கையுறை கிழிந்து, விரல் கிழிந்து, கல்லில் ரத்தம் விழுந்து அங்கேயே கெட்டியானது. தம் வேலை இவ்வளவு நன்றாக இருந்ததற்காகத் தம்மையே சபித்துக்கொண்டார். நூலை இழுத்தார். இரண்டு இழுப்பு. கடப்பாரை. பர்னர். கடப்பாரை.

கல் கிளம்பியது.

புரட்டித் தள்ளினார். மணலைக் கையால் வாரினார். மூடி தெரிந்தது, அவர் பசை தடவின மூடி. சுத்தியலை ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் உடைந்து உள்ளே விழுந்தது. விழுந்து அடியைத் தொட்ட சத்தம் கேட்கவில்லை.

"இந்தா, எடுத்துக்கோ," என்று கத்தினார். "உன் வாய். எடுத்துக்கோ. அவளை விட்டுடு."

உள்ளங்கையை வைத்தார். இழுக்கவில்லை. ஊதவும் இல்லை. வெறும் குழாய். செத்த குழாய்.

காது வைத்தார்.

ஒன்றுமில்லை.

அப்புறம் வாசனை வந்தது. இளஞ்சூடாக, மெதுவாக. கற்பூரத் தைலம்.

அப்புறம் இருமல். ரொம்பக் கீழே. இரண்டு சின்ன இருமல், ஒரு பெரியது, கடைசியில் ஒரு விம்மல். அந்த இருமலை அவர் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வார்.

"என்னங்க..."

டோகாஷி காதை இன்னும் அழுத்தினார்.

"என்னங்க, ஏன் லைட்டை அணைச்சீங்க? ஒண்ணும் தெரியல. சுத்திச் சுத்தித் தடவுறேன், சுவரு வட்டமா இருக்கு. சில்லுனு இருக்கு. என்னங்க, இருக்கீங்களா?"

"மிசாவோ," என்றார். "மிசாவோ!"

"சீக்கிரம் வாங்க. மூச்சு முட்டுது. மேல ஒரு சின்ன ஓட்டை தெரியுது, அது வழியாத்தான் கொஞ்சம் வருது. அதை மூடிடாதீங்க."

அவர் இடுப்பில் நூல் இழுபட்டது.

இரண்டு தடவை.

அவர் இழுக்கவே இல்லை.

திரும்பிப் பார்த்தார். மஞ்சள் சதுரம் அங்கேதான் இருந்தது. விளக்கு அணையவில்லை. ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் முழுக்க உறைபனி பூத்திருந்தது, மஞ்சள் படிந்து, இதழ் இதழாக. அதற்குப் பின்னால் ஒரு உருவம் நின்றுகொண்டிருந்தது. மூன்று வருஷமாக எழுந்து நிற்காதவளின் உயரத்தில். அது கையைத் தூக்கி, கண்ணாடியில் வட்டமாகத் துடைத்தது. வட்டத்தில் மிசாவோவின் முகம் வந்தது. மூக்கில் குழாய் இல்லை. கன்னத்தில் சிவப்பு. வாய் திறந்திருந்தது, மூடாமல், அந்த வாயிலிருந்து வெள்ளை ஆவி வந்துகொண்டே இருந்தது. வந்துகொண்டே. நடுவில் ஒரு தடவைகூட உள்ளே இழுக்கவில்லை.

பனி குழாயின் வாயில் விழுந்து ஒட்டியது. விரலால் தட்டிவிட்டார். மறுபடி விழுந்தது. எழுந்து நான்கு எட்டு ஜன்னலுக்குப் போனால் போதும், புயல் இதை மூடிவிடும். போகாமல் இருந்தால் இருட்டுவதற்குள் அவர் விறைத்துவிடுவார். அதுவும் மூடிவிடும்.

"என்னங்க, போயிட்டீங்களா?"

"இல்லம்மா. இங்கதான் இருக்கேன். நீ மூச்சு விடு. மெதுவா விடு." குழாயைச் சுற்றிக் கைகளைக் குவித்து, அதன் மேல் குனிந்து, முதுகைப் பனிக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இடுப்பில் நூல் இறுகியது. ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. சிவப்பு நூல் பனியை அறுத்துக்கொண்டு விறைப்பாக நீண்டு நின்றது. அதன் மறுமுனையில் மிசாவோவின் கைகள், வேலை முடிந்த சாயங்காலங்களில் கொட்டகையில் உட்கார்ந்து சுருட்டுவது போலவே, விரலில் சுற்றிச் சுற்றி, அவசரமில்லாமல் நூலைச் சுருட்டிக்கொண்டிருந்தன.